துணிக்கூரை தோள்பக்கம் நைந்து ஓட்டை: சாயமா, ஒட்டா, புதுக்கூரையா?

திறந்தமாடி (ஹாரோ, லண்டன்), ஞாயிறு இரவு

வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துவிட்டுப் போகிறவனாக இருந்தேன், இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது.

கார் 2002 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை. கையால் மடக்கும் கூரை. கம்பெனியிலிருந்து வந்த வினைல் இல்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கறுப்புத் துணிக்கூரை மாற்றியிருக்கிறார். எந்த வருஷம் என்று காகிதம் எதுவும் தரவில்லை. நான் வாங்கி நான்கு வருஷம். கராஜ் கிடையாது, தெருவில்தான் நிற்கும். மேலே ஒரு சிக்கமோர் மரம் வேறு.

கதவுக் கண்ணாடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், உட்கார்ந்தால் நம் தோளுக்கு மேலே வருமே, அங்கே இரண்டு பக்கமும் துணி வெளுத்துவிட்டது. வலப்பக்கம் வெறும் சாம்பல் நிறத் தடம்தான். இடப்பக்கம் ஓட்டையே விழுந்திருக்கிறது. தீக்குச்சி நுழையும். போன வாரம் மூன்று நாள் விடாத மழை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் சொதசொதவென்று ஊறிப்போய், காருக்குள் ஈர நாய் வாசனை.

ஒரு பட்டறையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "முழுக்கூரையும் மாற்ற வேண்டும், பொருத்துகிற கூலியோடு 900 பவுண்டு" என்றார்கள். இன்னொருவர் ஏதோ ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார். ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. யாராவது இதைத் தானே சரிசெய்திருக்கிறீர்களா?

---

மெருகுமன்னன் (மில்டன் கீன்ஸ்)

900 எல்லாம் கொடுக்காதீர்கள் நண்பா. துணி வெளுத்திருக்கிறது என்றால் சாயம் போய்விட்டது என்று அர்த்தம். இங்கே ரெனோவோ மாதிரி சாஃப்ட் டாப் சாயங்கள் கிடைக்கின்றன. முதலில் நன்றாகக் கழுவுங்கள், காயவிடுங்கள், தூரிகையால் சாயம் பூசுங்கள், அடுத்த நாள் நீர்விலக்கி அடியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். என் காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறேன், பார்க்கிறவர்கள் புதுக்கூரையா என்று கேட்கிறார்கள்.

சின்ன ஓட்டைக்கு மேலே இரண்டு கோட் நீர்விலக்கி அதிகமாக அடியுங்கள், அடைத்துக்கொள்ளும்.

---

பனிக்கரடி (ஸ்காபரோ, டொரொன்டோ)

வணக்கம் அண்ணை. என்னட்டையும் எம்எக்ஸ்-5தான், 1996, முதல் தலைமுறை. பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல், சிப் (ஜிப்) போட்டது. கூரையை இறக்க முன்னம் அந்த சிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். மறந்தால் ஜன்னலில் மடிப்பு விழுந்து வெடிக்கும். குளிரில் மடக்கினால் சொல்லவே வேண்டாம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, இரண்டாம் தலைமுறையில் இருந்து கண்ணாடி ஜன்னல் தந்துவிட்டார்கள். அந்தக் கண்ணாடி ஜன்னல் கூரை எங்கள் பழைய சட்டத்திலும் பொருந்தும், அடுத்த முறை மாற்றினால் அதைத்தான் போடுவேன்.

ஓட்டை ஓட்டுநர் பக்கம், ஈரமும் ஓட்டுநர் பக்கம். அப்ப காரணம் விளங்குதுதானே? ஓட்டையை அடைத்தால் ஈரம் நிற்கும்.

ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் நீங்கள் எல்லாம் மடக்கும் கூரையை "ஹூட்" என்கிறீர்கள். இங்கே ஹூட் என்றால் எஞ்சின் மூடி. போன வருஷம் ஒரு இங்கிலாந்துக் காணொளியைப் பார்த்துவிட்டு எஞ்சின் மூடிக்கு ஏன் நீர்விலக்கி அடிக்கிறான் என்று மண்டையைப் போட்டு உடைத்தேன்.

---

திறந்தமாடி

ஹா ஹா, சரி, இந்த இழையில் "கூரை" என்றே வைத்துக்கொள்வோம்.

மெருகுமன்னன், நன்றி. சாயமும் நீர்விலக்கியும் ஆர்டர் போடப் போகிறேன். சனிக்கிழமை வெயில் என்று சொல்லியிருக்கிறார்கள்.

---

ஊசிநூல் (கோயம்புத்தூர்)

தம்பி, ஆர்டர் போடுங்கள், ஆனால் அடித்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர், டாப் வேலை 30 வருஷம் செய்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். உங்கள் ஊர்க் காரில் கை வைத்ததில்லை, ஆனால் துணி துணிதான். ஜீப் டாப், ஆட்டோ டாப் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆட்டோவைப் பின்னாலிருந்து பாருங்கள். ரெக்ஸின் எங்கே கிழியும்? நடுவில் வெட்டவெளியாக இருக்கிற இடத்தில் கிழியாது. கம்பி எங்கே முட்டுகிறதோ அங்கேதான் கிழியும். வெயில் துணியைக் கிழடாக்கும், உண்மை. ஆனால் இந்த இடத்தில்தான் ஓட்டை விழ வேண்டும் என்று முடிவு செய்வது கம்பிதான்.

வெயில் காரணமென்றால் கூரையின் உச்சி முழுக்க வெளுத்திருக்க வேண்டும். உங்களுக்குத் தோள்பக்கம் மட்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில். இது உரசல். சாயம் பூசினால் அழகாக இருக்கும், உரசல் பாட்டுக்கு உரசிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. நீர்விலக்கி அடித்த துணியில் பசை ஒட்டாது. தண்ணீரை விரட்டுகிறது பசையை மட்டும் விட்டுவைக்குமா? சிலிக்கான் உள்ளது என்றால் இன்னும் மோசம், எத்தனை துடைத்தாலும் போகாது. ஒட்டுப் போடுவது முதலில், நீர்விலக்கி கடைசியில். மாற்றிச் செய்தால் ஒட்டு ஒரு மாதத்தில் உரிந்து கையோடு வரும்.

மூன்றாவது, எனக்கு உறுத்துகிற விஷயம். லண்டனில் நம் ஊர் மாதிரி ஸ்டீயரிங் வலப்பக்கம்தானே? ஓட்டை இடப்பக்கம் என்கிறீர்கள். ஈரம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் என்கிறீர்கள். தண்ணீர் நடுவே இருக்கிற மேட்டைத் தாண்டி எப்படி அந்தப் பக்கம் போயிற்று?

---

பனிக்கரடி

ஐயோ. எனக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம், அதே நினைப்பில் எழுதிவிட்டேன். ஐயா சொன்னது சரி. நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

---

மெருகுமன்னன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நல்ல நீர்விலக்கி துணியின் இழையைக் காப்பாற்றும், உரசலையும் குறைக்கும். பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன், ஒரு ஓட்டைகூட விழுந்ததில்லை. ஆட்டோ ரெக்ஸினையும் கன்வெர்ட்டிபிள் துணியையும் ஒன்றாகப் பேசுவது சரியில்லை. இது மொஹேர்.

---

ஊசிநூல்

உங்கள் காரில் ஓட்டை விழவில்லை என்பதால்தான் நீர்விலக்கி போதுமானதாக இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை.

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டு மயிர். இந்தக் கூரைத் துணியில் ஆடும் இல்லை, மயிரும் இல்லை. பெயர் மட்டும் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் பருத்தியோ பாலியெஸ்டரோ. மழையை நிறுத்துவது அந்த நடு ரப்பர்தான். மேல்துணி ரப்பரை வெயிலிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. நீர்விலக்கி மேல்துணி ஊறிப் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ரப்பரே அறுந்தால் மேலே எதை அடித்தும் பயனில்லை.

அக்ரிலிக்குக்கு நல்ல ரகங்களில் நூலாகும் முன்பே சாயம் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவு லேசில் வெளுக்காது. ஆக, "சாம்பல் தடம்" என்று தம்பி சொல்வது சாயம் போனதாக இருக்காது, இழை பஞ்சு பூத்ததாக இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் உரசல்.

---

மெருகுமன்னன்

ஜி.பி. ரோட்டில் அங்கோரா ஆடு மேய்த்தீர்களோ.

---

இழைக்காவல் (நெறியாளர்)

இருவரும் துணியைப் பற்றி மட்டும் பேசுங்கள், ஆட்டை விடுங்கள். திறந்தமாடி, தடவிப் பார்த்தீர்களா?

---

திறந்தமாடி, செவ்வாய்

சொரசொரவென்றுதான் இருக்கிறது. வலப்பக்கமும்.

ஊசிநூல் ஐயா, எங்கே உரசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூரை மடங்கும்போது உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை. பத்து விநாடியில் மடங்கிவிடுகிறது.

---

ஊசிநூல்

இரண்டு வேலை செய்யுங்கள், இரண்டுக்கும் காசு வேண்டாம்.

முதலில் இருட்டிய பிறகு கூரையை மூடி, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்கார வைத்து வெளியிலிருந்து பாருங்கள். துணி எங்கெல்லாம் மெலிந்திருக்கிறதோ அங்கெல்லாம் வெளிச்சம் கசியும். பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள தையல் வரிசையையும் பாருங்கள்.

அடுத்தது, தையல்கடையில் கிடைக்கிற சாக்கட்டியை வாங்கிச் சட்டத்தின் மூட்டு, ஆணி முனை, வளைவுக் கம்பி எல்லாவற்றிலும் நன்றாகத் தேயுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நிறம் என்றால் இன்னும் நல்லது. கூரையை நாலைந்து தடவை மடக்கி விரியுங்கள். துணியின் அடிப்பக்கம் எந்த இடத்தில் எந்த நிறம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் ஆள்.

---

தார்க்காரி (கோயம்புத்தூர்)

சாக்கட்டி யோசனை அருமை, சார். என்னிடம் இருப்பது 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை மஹிந்திரா தார், துணிக்கூரை. இங்கே பிரச்சினை நேர்மாறு. உங்களுக்குப் பாசி, எங்களுக்கு வெயில். துணி நன்றாக இருக்கிறது, தையல் நூல்தான் முதலில் போகிறது. நகத்தால் சுண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. இதற்கு என்ன செய்யலாம்? இழையைத் திருப்புகிறேன் என்றால் மன்னிக்கவும்.

---

ஊசிநூல்

திருப்பவில்லை அம்மா, தம்பிக்கும் இது வேண்டும். பாலியெஸ்டர் நூலை வெயில் சீக்கிரம் தின்றுவிடும். படகுக் கூடாரம் தைக்கிறவர்கள் பிடிஎஃப்இ நூல் போடுவார்கள், டெனாரா என்று ஒன்று வருகிறது. தோசைக்கல்லில் ஒட்டாமல் பூசுகிறார்களே, அதே பொருள்தான். வெயில் அதை ஒன்றும் செய்யாது. விலைதான் கண்ணைக் கட்டும். வண்டி முழுவதும் வேண்டாம், வெயில் நேராக விழுகிற உச்சித் தையலுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். வழுக்குகிற நூல், முடிச்சு நிற்காது, தைக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

திறந்தமாடி, வியாழன் நள்ளிரவு

படம் ஏற்ற முடியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன்.

டார்ச் சோதனைக்கு மகளை உள்ளே உட்கார வைத்தேன். இடப்பக்கம் எதிர்பார்த்த ஓட்டை. அதைச் சுற்றிப் பெருவிரல் அகலத்துக்கு மங்கலான வெளிச்சம். வலப்பக்கம் மேல்துணி தேய்ந்திருந்தாலும் வெளிச்சம் வரவில்லை, அதாவது ரப்பர் தப்பித்திருக்கிறது. நான் நினைத்தே பார்க்காத ஒன்றும் தெரிந்தது: பின் கண்ணாடிக்கு மேலே ஒரு தையலில் நாலு விரற்கடை நீளம் புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

சாக்கட்டிக்கு மகளின் தெருக்கோலக் கட்டிகளைத் திருடினேன். சட்டத்தின் பக்கவாட்டு மூட்டுக்கு இளஞ்சிவப்பு, வளைவுக் கம்பிக்கு நீலம், மற்றதுக்கு மஞ்சள். ஐந்து தடவை மடக்கி விரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் அடியில் பளிச்சென்று இளஞ்சிவப்பு. வலப்பக்கமும் இளஞ்சிவப்பு, ஆனால் லேசாக.

மூட்டைக் கிட்டப் பார்த்தால், இடப்பக்கம் பெயின்ட் உரிந்து துரு ஏறி, விளிம்பு அரம் மாதிரி இருக்கிறது. வலப்பக்கம் பெயின்ட் இன்னும் இருக்கிறது. கூரை மடங்கும்போது அந்த இடத்துத் துணி இரண்டு சட்டத்துக்கும் நடுவே போய்ச் சிக்குகிறது. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் நானே அரம் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

---

பனிக்கரடி

அண்ணை, மடக்கும்போது பக்கத்துத் துணியைக் கையால் உள்ளே இழுத்து விடுகிறனீங்களா? நான் கூரையைப் பாதி இறக்கிவிட்டு இறங்கிப்போய் இரண்டு பக்கமும் துணியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் முழுக்க இறக்குவேன். இருக்கையில் இருந்தபடி ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி எறிகிறது ஸ்டைல்தான், ஆனால் துணி எங்கே போகுது என்று தெரியாது. மோட்டாரில் மடங்கும் பெரிய கார்களில் இதைச் செய்ய எலாஸ்டிக் நாடா வைத்திருப்பார்கள். அந்த நாடா தொய்ந்தால் அவர்களுக்கும் இதே கதைதான்.

முன்பக்கக் கொக்கி எப்படி? பூட்டும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்கா?

---

திறந்தமாடி

ஒரு கையால்தான் தள்ளுகிறேன். சிக்னலில் நிற்கும்போதுகூட. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

கொக்கி ரொம்ப இறுக்கம். குளிர்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும். அது அப்படித்தான் என்று நினைத்தேன்.

---

பனிக்கரடி

அப்படி இல்லை. அந்தக் கொக்கியைத் திருகித் தளர்த்தலாம். காற்றுச் சத்தம் குறையட்டும் என்று யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள். இறுக்கினால் துணி எந்நேரமும் விறைப்பாக நிற்கும், தையலும் இழுபடும். பின் கண்ணாடிக்கு மேலே புள்ளி வெளிச்சம் என்றீர்கள், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்துங்கள், ஒரு சுற்றில் தொடங்குங்கள். கூரையைக் கனநாள் மடக்கியே வைத்திருந்தாலும் துணி சுருங்கி, கொக்கி எட்டாது. இங்கே நவம்பரில் காரை உள்ளே விட்டால் ஏப்ரல் வரை கூரையை மூடித்தான் வைப்போம். ஒரு வருஷம் மடக்கி வைத்தேன், எலி மடிப்புக்குள் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

---

ஊசிநூல்

இப்போது வேலைக்கு வருவோம். துருவை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கி, துருத்தடுப்பு பெயின்ட் அடியுங்கள். காய்ந்ததும் மூட்டின் மேல் ஒட்டும் ஃபெல்ட் துண்டு போடுங்கள், நாற்காலிக் காலுக்கு ஒட்டுவார்களே அந்த மாதிரி மெல்லியது. தடிமன் வேண்டாம், மடங்காது. ஜீப்புக்கு நாங்கள் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றுவோம். உங்கள் துணிக்கு அது வேண்டாம், ரப்பர் வழுக்காமல் துணியைப் பிடித்து இழுக்கும்.

ஒட்டு: அதே மாதிரித் துணியில் ஒரு துண்டு வாங்குங்கள். கூரை தைக்கிறவர்களிடம் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக, மூலையை உருட்டி வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். கூரைக்கு உள்புறத் துணி தனியாக இருக்கிறதா?

---

திறந்தமாடி

இல்லை, கூரையின் அடிப்பக்கம் நேரடியாகவே தெரியும்.

---

ஊசிநூல்

நல்லதாகப் போயிற்று. ஒட்டு அடிப்பக்கம்தான். மேலே ஒட்டினால் காற்றுத் தூக்கும், பார்க்கவும் அசிங்கம். அந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். மேல்பக்கம் பிரிந்து நிற்கிற இழைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குங்கள், பிடுங்காதீர்கள், நெசவு ஓடிவிடும்.

பசை விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம். காய்ந்த பிறகு வளைய வேண்டும். சூப்பர் குளூ எல்லாம் கண்ணாடி மாதிரி இறுகும், முதல் மடிப்பிலேயே நொறுங்கி, நொறுங்கிய விளிம்பு துணியை அறுக்கும். கூடாரம், நீச்சல் உடுப்பு ஒட்டுகிற பாலியூரித்தேன் பசை உங்கள் ஊரில் கிடைக்கும். மெல்லிசாகப் பூசி, மேலே ஒரு மரக்கட்டை, கீழே ஒரு மரக்கட்டை வைத்துக் கவ்வி, நடுவில் மெழுகுத்தாள் போடுங்கள், இல்லையென்றால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கூரை மூடிய நிலையில், கொக்கி போடாமல், தொய்வாக வைத்து ஒட்டுங்கள். ஒரு இரவு போதும் என்று டியூபில் போட்டிருப்பார்கள், நீங்கள் இரண்டு நாள் மடக்காதீர்கள்.

---

மெருகுமன்னன்

நேர்மையாகச் சொல்கிறேன், ஆட்டுப் பேச்சுக்கு மன்னிக்கவும் ஐயா. நேற்று என் காரில் சாக்கட்டி தேய்த்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் மஞ்சள். இன்னும் தேயவில்லை, ஆனால் தேயப் போகிறது.

கழுவுகிற பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேனே. திறந்தமாடி, மரத்தடியில் நிற்கிற கார் என்றால் துணிக்குள் மணலும் பாசியும் இறங்கியிருக்கும். மடிக்கிறபோதெல்லாம் அந்த மணலும் உப்புத்தாள்தான். முதலில் காய்ந்த நிலையிலேயே மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி வேக்குவம் போடுங்கள், பிறகு துணிக்கூரைக்கான கழுவியைப் போட்டு நெசவின் போக்கிலேயே தேய்த்து நிறையத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பாசிக்கு பிளீச் வேண்டவே வேண்டாம், தையல் நூலைக் கெடுக்கும். தானியங்கிக் கழுவுமிடத்தில் சூடான மெழுகு அடிப்பார்கள், அதுவும் வேண்டாம். வினைல் பளபளப்புத் திரவத்தைத் துணியில் பூசினால் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். கூரை ஈரமாக இருக்கும்போது மடக்கி இரவெல்லாம் விடக்கூடாது, பூஞ்சை வந்தால் அந்தக் கறை போகவே போகாது.

ஒட்டு காய்ந்த பிறகு நீர்விலக்கி. ஐயா சொன்ன வரிசைதான்.

---

திறந்தமாடி, இரண்டு வாரம் கழித்து

செய்துவிட்டேன்.

மூட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு ஃபெல்ட் ஒட்டினேன். கொக்கியை இரண்டு பக்கமும் ஒரு சுற்றரை தளர்த்தினேன், இப்போது ஒரு விரலால் பூட்ட முடிகிறது. காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. இந்த மாடல் 10 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி (2016-இலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது), அதனால் துண்டுத் துணிக்குக் கஷ்டமே இல்லை. ஒரு கூரைக்கடையில் பழைய கூரையிலிருந்து கையளவு வெட்டிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

முதல் ஒட்டு சொதப்பல். மெழுகுத்தாளுக்குப் பதிலாகச் சமையலறையில் இருந்த ஏதோ தாளைப் போட்டுவிட்டேன், அது துணியோடு ஒட்டிக்கொண்டது. உரித்து, சுத்தம் செய்து, இரண்டாவது தடவை சரியாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இருக்கிற இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வலப்பக்கம் ஓட்டை இல்லாததால் ஒட்டுப் போடவில்லை, மூட்டுக்கு ஃபெல்ட் மட்டும். அதற்கப்புறம் மெருகுமன்னன் சொன்னபடி கழுவி, காயவைத்து, நீர்விலக்கி.

நேற்று நல்ல மழை. இடப்பக்கம் ஒட்டு பஞ்சு மாதிரி உலர்ந்திருக்கிறது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் மறுபடியும் ஈரம்.

---

ஊசிநூல்

நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டீர்கள் பார்த்தீர்களா?

---

பனிக்கரடி

வலப்பக்க வடிகால் அண்ணை! இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இடம் வலம் குழம்பியதில் விட்டுப்போச்சு. கூரையில் வழியும் தண்ணி பின்பக்க விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் இறங்கி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துவாரம் வழியாக, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். துவாரம் அடைத்தால் தண்ணி நிரம்பி உள்ளுக்கு வழியும். இந்தக் கார்களின் கதவடிச் சட்டம் துருப்பிடிக்கிறதுக்கும் இது பெரிய காரணம். கம்பியால் குத்தாதீர்கள், குழாய் கிழியும். புல் வெட்டும் யந்திரத்துக்குப் போடும் நைலான் நரம்பு இருக்குதே, அதை மெல்ல விட்டுச் சுழற்றுங்கள். பிறகு ஒரு குவளை தண்ணி ஊற்றி, கீழே வருகுதா என்று பாருங்கள்.

---

திறந்தமாடி, ஞாயிறு

இடப்பக்கம் ஊற்றினேன், உடனே தரையில் வந்தது. வலப்பக்கம் ஊற்றினேன், அப்படியே நின்றது. நரம்பை விட்டு ஐந்து நிமிஷம் சுழற்றினேன். கொடகொடவென்று ஒரு சத்தம், கறுப்புச் சேறு, அதோடு சிக்கமோர் விதைகள், அந்த இறக்கை வைத்த விதைகள், ஒரு கைப்பிடி. ஒரு விதை முளைக்கவே தொடங்கியிருந்தது. மகள் அதைத் தொட்டியில் நட்டுவிட்டாள்.

ஆக, கம்பளம் ஊறியதற்கும் ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை. 900 பவுண்டு கொடுத்துப் புதுக்கூரை போட்டிருந்தாலும் கம்பளம் ஊறியிருக்கும்.

கம்பளத்தைக் கழற்றி வீட்டுக்குள் காயப்போட்டிருக்கிறேன். வீட்டில் இதைப் பற்றித் தனி விவாதம் நடக்கிறது.

---

தார்க்காரி

பிடிஎஃப்இ நூல் கிடைத்தது, சார். நீங்கள் சொன்ன மாதிரியே விலையைக் கேட்டதும் தைக்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உச்சித் தையலுக்கு மட்டும் போடச் சொல்லிவிட்டேன். முடிச்சு நிற்கவில்லை என்று இரண்டு தடவை புலம்பினார்.

---

திறந்தமாடி

ஐயா, கடைசியாக ஒன்று. பின் கண்ணாடிக்கு மேலே இருக்கிற அந்த நாலு விரற்கடைத் தையல். துணி நன்றாக இருக்கிறது, நூல்தான் போயிருக்கிறது. கூரையைக் கழற்றாமல் கையாலேயே தைத்துவிட முடியுமா? நான் பித்தான் தைத்ததோடு சரி.

---

ஊசிநூல்

தைக்கலாம். வளைந்த ஊசி இரண்டு வாங்குங்கள், ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஒரே துளை வழியாக ஒரு ஊசி மேலிருந்து, ஒரு ஊசி கீழிருந்து. ஒன்று இன்னொன்றின் நூலைக் குத்திவிடாமல் பாருங்கள். நூல் அறுந்த இடத்துக்கு அரை விரற்கடை முன்னால், நல்ல தையலிலிருந்தே தொடங்கி, மறுபக்கமும் அவ்வளவு தாண்டி முடியுங்கள். பழைய துளையிலேயே குத்துங்கள், புதுத் துளை ஒன்றுகூடப் போடாதீர்கள். நீர்விலக்கி அடித்த துணி என்பதால் தையல் சீலர் (தையல் துளையை அடைக்கப் பூசுவது) சரியாகப் பிடிக்காது, அந்த வரிசையை மட்டும் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு உள்பக்கமாக மெல்லிசாகப் பூசுங்கள். மகளை மறுபடி டார்ச்சோடு உட்கார வையுங்கள்.